அந்தமான் ஸ்நார்கெலிங்: தோழிக்கு நீச்சல் தெரியாது, கூட்டிட்டுப் போகலாமா?

வைகைமகள் | நவம்பர் 18

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் தோழியும் பிப்ரவரியில் அந்தமான் போறதா முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு பேருக்கும் மதுரைதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இப்ப நாற்பது தாண்டியாச்சு. பிள்ளைகள் வளர்ந்துட்டாங்க. கல்யாணத்துக்குப் பிறகு நாங்க ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து போற முதல் பயணம் இது.

என் கவலை ஒன்றுதான். எனக்கு நீச்சல் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டுப் பழக்கினாங்க. அவளுக்குத் தெரியாது. கம்மாய்க் கரைக்கே போகவிடாமல் வளர்த்த வீடு. ஆனால் இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டதே அவள்தான். "மீனை எல்லாம் மார்க்கெட்டுல ஐஸ் மேலதான் பார்த்திருக்கேன், அது வாழ்ற இடத்துல போய் ஒரு தடவை பார்க்கணும்"னு சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேற ஊரைப் பற்றி யோசிக்கவே மனசு வரலை.

நீச்சல் தெரியாதவங்க ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு, மேலே மிதந்துக்கிட்டே கடலுக்குள்ள பார்க்கிறது) பண்ணலாமா? எங்கே பண்ணினால் பாதுகாப்பு? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. என்ன உடுத்தணும்னும் சொன்னால் நல்லது, நாங்க சுடிதாரைத் தவிர எதையும் போட்டுத் தண்ணீரில் இறங்கினதில்லை.

மேலூரான் | நவம்பர் 18

தாராளமா போங்க அக்கா. நான் ரெண்டு முறை போயிட்டு வந்திருக்கேன்.

முதலில் வழி. மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு பெயர் மாற்றிட்டாங்க, ஆனா ஆட்டோக்காரர் முதற்கொண்டு பழைய பெயரைத்தான் சொல்றாங்க. ஹேவ்லாக்குக்கும் 2018-லேயே ஸ்வராஜ் தீவுன்னு பெயர் வந்தாச்சு. டிக்கெட் பதியும்போது ரெண்டு பெயரையும் பார்த்துக்கோங்க, எங்க கூட வந்தவர் ஒருத்தர் குழம்பிட்டார். போர்ட் பிளேரில் தமிழ் பேசறவங்க நிறைய, முருகன் கோயிலே இருக்கு. ஹேவ்லாக், நீல் ரெண்டு தீவிலும் வங்காளிகள் அதிகம்.

ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச்தான் முதல் தடவைக்குச் சரி. படகுத்துறையிலிருந்து படகில் போகலாம், காட்டு வழியா நடந்தும் போகலாம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை வந்துரும். நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு, ரப்பர் வளையத்தைப் பிடிச்சுக்கச் சொல்லி, வழிகாட்டிப் பையன் இழுத்துட்டுப் போவான். நீந்தவே வேண்டாம், மிதந்தால் போதும்.

ஆனா ஒண்ணு. படகுக் கட்டணத்தோட சேர்த்துத் தர்ற அந்த முதல் சுற்று சில நிமிஷத்துல முடிஞ்சுரும். முகத்தைத் தண்ணியில வச்சுப் பயம் தெளியறதுக்குள்ள "எந்திரிங்க"ன்னுடுவாங்க. அதனால மூச்சுப் பயிற்சியை இங்கேயே முடிச்சுட்டுப் போங்க. மாஸ்க் மூக்கையும் மூடிரும். வாயாலதான் மூச்சு. நம்ம உடம்பு அதுக்கு முதலில் ஒத்துக்காது. நெஞ்சு படபடன்னு அடிக்கும், முகத்தைத் தூக்கிருவோம். நீச்சல் நல்லாத் தெரிஞ்ச எனக்கே முதல் நாள் அப்படித்தான் ஆச்சு. நீச்சல் தெரியாதது இங்கே ரெண்டாவது பிரச்சனைதான்.

நீல் தீவில் பரத்பூர் கடற்கரை. அங்கே தண்ணி வத்தும்போது பவளப்பாறை மேலேயே நடக்கிற மாதிரி ஆயிரும். ஏற்றம் இருக்கிற நேரம் கேட்டுப் போங்க.

நாள் இருந்தால் போர்ட் பிளேர் பக்கத்து வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்கும் போங்க. 1983-ல் அறிவிச்ச மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோக விடமாட்டாங்க. பாதி வருஷம் ஜாலி பாய், மீதி வருஷம் ரெட் ஸ்கின் தீவுன்னு மாற்றி மாற்றித் திறக்கிறாங்க, பாறைக்கும் ஓய்வு வேணும்ல. பிப்ரவரியில் உங்களுக்கு ஜாலி பாய்தான்.

சிம்மக்கல்_வாசி | நவம்பர் 19

மேலூர் தம்பி சொன்னதோட ஒரு விஷயம். கூட வர்ற ஆண்கள் யாராவது இதைப் படிச்சால் உதவும். மீசை வச்சிருந்தால் மாஸ்க்கில் தண்ணி கசியும். மாஸ்க்கோட ரப்பர் ஓரம் தோலோட ஒட்டணும், முடி நடுவில் இருந்தால் ஒட்டாது. மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு மழிச்சுக்கிட்டால் போதும், முழு மீசையையும் எடுக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு நெற்றி முடி. ஒரு இழைகூட உள்ளே மாட்டாமல் பார்த்துக்கணும்.

சரியான மாஸ்க்தானான்னு பார்க்க: பட்டையை மாட்டாமல் முகத்தில் வச்சு, மூக்கால லேசா இழுங்க. கையை விட்டாலும் விழாமல் நிற்கணும். கண்ணாடியில் புகை மூட்டம் வராமல் இருக்க எச்சிலைத் தடவி அலசிடுங்க, அல்லது குழந்தைகளுக்குப் போடுற ஷாம்பு ஒரு சொட்டு.

லட்சத்தீவு யோசிச்சீங்களா? தண்ணி அங்கே இன்னும் தெளிவு. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம், கப்பலும் உண்டு. ஆனா முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

வைகைமகள் | நவம்பர் 19

ரொம்ப நன்றி. லட்சத்தீவுக்கு அனுமதி, தேதி எல்லாம் எங்க லீவோட ஒத்துவராது போலிருக்கு. அந்தமான்தான்.

முகம் முழுக்க மூடுற மாஸ்க் ஒண்ணு இணையத்துல விற்குதே, அதுல மூக்காலயும் மூச்சு விடலாமாம். அவளுக்கு அது சுலபமா இருக்குமா?

செவிலி_கோரிப்பாளையம் | நவம்பர் 19

வேண்டாம்மா. இருபது வருஷமா தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவளாச் சொல்றேன். அந்த மாஸ்க்குக்குள்ள இடம் அதிகம். தரமில்லாததா இருந்தால் நாம விட்ட காற்றையே திரும்ப இழுப்போம். கரியமில வாயு கூடக் கூட மயக்கம் வரும், அது வர்றதே தெரியாது. தண்ணி உள்ளே போனால் சட்டுன்னு கழற்றவும் முடியாது. சாதாரண மாஸ்க், தனிக் குழாய், அதுவே போதும். வாயிலிருந்து துப்பினால் குழாய் வந்துரும்.

ரெண்டு பேருக்கும் ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு, ஆஸ்துமா ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுட்டுப் போங்க. தண்ணியில திடீர்னு மூச்சு வாங்கினால், "இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வந்துரலாம்"னு இருக்கக் கூடாது. உடனே மல்லாக்கத் திரும்பி, குழாயைத் துப்பிட்டு, கையைத் தூக்கணும். தோழிக்கு இதை இருபது தடவை சொல்லிக் கொடுங்க.

அங்கே ஸ்கூபாவும் (முதுகில் காற்று உருளை கட்டி ஆழத்துக்கு மூழ்குறது) பண்ணச் சொல்வாங்க. பண்ணினால் அடுத்த 18 முதல் 24 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. ஸ்நார்கெலிங்குக்கு அந்தக் கணக்கு இல்லை.

உடைக்கு: முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால் வரைக்கும் லெகிங்ஸ். துப்பட்டா கூடவே கூடாது, காலில் சுற்றிக்கும். முதுகு முழுக்கத் துணி இருந்தால் வெயிலும் சுடாது, சன்ஸ்கிரீனும் குறைச்சலாப் போதும். ஆக்ஸிபென்சோன்கிற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல்னு ஹவாய்த் தீவில் 2021 முதல் விற்கவே தடை போட்டிருக்காங்க. வாங்கும்போது பின்பக்கம் படிச்சுப் பாருங்க.

திருகோணமலையான் | நவம்பர் 20

வணக்கம் அக்கா. இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட நிலாவெளிக்கு முன்னால புறாத்தீவு இருக்கு. 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கினவை. கரையில் இருந்து படகில் கொஞ்ச நேரம்தான். கறுப்புச் செட்டைச் சுறாக்கள் சின்னச் சின்னதாகத் திரியும், ஒன்றும் செய்யாது. மதுரையில் இருந்து கொழும்புக்கு நேரே விமானம் இருக்குதுதானே. ஆனால் பெப்ரவரியில் எங்கட பக்கம் சரிவராது, வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும்தான் கடல் படுத்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். எங்கட முருகைக்கல் (பவளப்பாறை) பாதி செத்ததுக்குக் காரணம் வெப்பம் மட்டும் இல்லை. ஆட்கள் ஏறி நின்று படம் எடுத்ததும்தான். நீங்கள் எங்கே போனாலும் தயவுசெய்து அதில் கால் வைக்காதேங்கோ.

பாம்பன்_கடலோடி | நவம்பர் 21

இழையைத் தாமதமாத்தான் பார்த்தேன். அந்தமானுக்குப் போறதில் எனக்கு வருத்தம் இல்லை, நல்லாப் போயிட்டு வாங்க. ஆனா மதுரைக்காரங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கு, எங்க பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும். 1986-ல் தேசியப் பூங்கா ஆச்சு. சுற்றிலும் பவளப்பாறை, நாங்க பார்னு சொல்வோம். அந்த 21-ல் ரெண்டு தீவு இப்ப தண்ணிக்குள்ள. பூவரசன்பட்டி, விலங்குசல்லி. பவளத்தை வெட்டி எடுத்தது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். வெட்டின கல் எங்கே போச்சு? சுண்ணாம்புக் காளவாய்க்கு. எங்க தாத்தாவும் வள்ளத்துல கல் ஏற்றினவர்தான். கல்லு வளரும்னு அவருக்குத் தெரியும், அது உசிருன்னு தெரியாது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் நிலைமை மாற ஆரம்பிச்சது.

இன்னொண்ணு. ஜிகர்தண்டாவில் போடுறாங்களே கடல்பாசி, அது எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் எடுக்கிறதுதான் அது, அகர்னு சொல்வாங்க. அந்தப் பாசியை வாங்கிக் காய்ச்சுற அகர் கம்பெனிகள் உங்க மதுரையில இருக்கு.

என் அம்மாவும் பாசிக்குப் போனவங்க. கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்கு விரல் கிழிஞ்ச துணி சுற்றியிருக்கும், பாறை அறுக்காமல் இருக்க. இடுப்பில் பை. மூச்சுக் குழாய் எல்லாம் கிடையாது. உள்ளே போய், பிடுங்கி, மேலே வந்து "ஃபூ"ன்னு ஒரு மூச்சு, திரும்ப உள்ளே. மாசத்தில் 12 நாள்தான் எடுக்கிறதுன்னு அவங்களே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க, பாசி திரும்ப முளைக்கணுமே. 2015-ல் சின்னப்பாலத்துப் பாசிக்காரப் பெண் ஒருத்தருக்கு சீகாலஜின்னு ஒரு வெளிநாட்டு அமைப்பு பரிசு கொடுத்துக் கௌரவிச்சது.

உங்க தோழி ஆசைப்பட்ட மாதிரி மீனை அது வாழ்ற இடத்துல பார்த்துட்டு, திரும்பி வந்து எங்க ஊருக்கும் வாங்க.

வைகைமகள் | நவம்பர் 21

அண்ணே, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியலை. விளக்குத்தூண் பக்கம் போகும்போதெல்லாம் ஜிகர்தண்டா குடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட இது தோணினதில்லை.

வைகைமகள் | ஜனவரி 11

முன்னேற்றம் சொல்றேன். ஆளுக்கொரு மாஸ்க்கும் குழாயும் வாங்கியாச்சு. அவள் வீட்டு மாடியில பொங்கலுக்கு எடுத்து வச்ச பித்தளை அண்டாவை நிரப்பி, முகத்தை அதுக்குள்ள வச்சுப் பழகினோம். முதல் நாள் மூணு மூச்சு, எந்திரிச்சுட்டாள். பத்தாம் நாள் நூறு எண்ணுற வரைக்கும் இருந்தாள். அதுக்குப் பிறகு ரேஸ்கோர்ஸ் மைதான நீச்சல் குளத்தில் ஆழம் குறைஞ்ச பக்கம் போய் மிதக்கப் பழகினோம். இப்பவும் நீந்த வரலை. ஆனா லைஃப் ஜாக்கெட் போட்டு, முகத்தை உள்ளே வச்சு, காலை அசைக்காமல் கிடக்க வருது.

மேலூரான் | ஜனவரி 11

அக்கா, இது போதும், இதுக்கு மேல வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் மட்டும் இறங்காதீங்க. அங்கே உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கிலேயே ஸ்நார்கெல் பண்ணிட்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை அடிச்சிருச்சு. உள்ளூர்க்காரங்க சொல்ற இடம், சொல்ற நேரம், அதை மீற வேண்டாம்.

வைகைமகள் | பிப்ரவரி 23

வந்துட்டோம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எலிஃபன்ட் பீச். காலையில் முதல் படகு. தண்ணி இடுப்பளவு வர்ற வரைக்கும் அவள் பேசிக்கிட்டே வந்தாள், அதுக்குப் பிறகு பேச்சே இல்லை. வழிகாட்டித் தம்பி வளையத்தைக் கொடுத்தார். அவள் ஒரு கையால் வளையத்தைப் பிடிச்சாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டை. நகம் பதிஞ்ச தடம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

முகத்தை உள்ளே வச்சோம். எனக்கு முதலில் கண்ணுக்கு எதுவும் பிடிபடலை, காதுதான் திறந்தது. படபடபடன்னு ஒரு சத்தம், காய்ஞ்ச எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி, நிக்காமல். பாறை இடுக்கில் இருக்கிற ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்குற சத்தமாம் அது, தம்பி பிறகு சொன்னார். அதுக்கு நடுவில் தேங்காய் துருவுற மாதிரி இன்னொரு சத்தம். கிளிமீன். பச்சையும் நீலமுமா முழங்கை நீளம், பல்லால் பாறையைச் சுரண்டுது. சுரண்டிட்டு நகர்ந்தபோது வாலுக்குப் பக்கத்திலிருந்து வெள்ளை மணல் புகை மாதிரி விழுந்தது. தின்ன பாறைதான் மணலாக் கழியுது. நாங்க நடந்து வந்த கரை மணலில் கொஞ்சம் அப்படி வந்ததுதான்னு தெரிஞ்சதும் உடம்பு சிலிர்த்துருச்சு.

அவள் பக்கம் திரும்பினேன். என் மணிக்கட்டை விட்டுட்டாள். அந்தக் கையை நீட்டி, தொடாமல், ஒரு மீனைக் காட்டிக்கிட்டிருந்தாள். குழாய்க்குள்ளயே "ஊ ஊ"ன்னு என்னமோ சொல்றாள். எழுந்த பிறகு கேட்டேன். "பொரிச்சுத் தின்னது இதுதானா"ன்னு கேட்டாளாம். வேற எதுவும் பேசலை, கண் ரெண்டும் சிவந்திருந்தது. உப்புத் தண்ணின்னு சொன்னாள்.

ரெண்டாவது நாள் ஒரு கஷ்டம் நடந்தது. அதையும் சொல்லணும். வேற இடம், வேற ஆள். எங்க மாஸ்க்கை அறையிலேயே மறந்துட்டுப் போனோம், அது எங்க தப்பு. அவங்க கொடுத்த மாஸ்க்கின் ரப்பர் ஓரத்தில் வெடிப்பு. நடுவில் அவளுக்கு மூக்கு வரைக்கும் தண்ணி ஏறிருச்சு. நான் நாலு அடி தள்ளி இருந்தேன். ஒரு பேராமையைப் பார்த்துட்டு அது பின்னால போயிட்டேன், இதை எழுத எனக்குக் கை கூசுது. திரும்பிப் பார்த்தப்ப, அவள் மல்லாக்கத் திரும்பி, குழாயைத் துப்பிட்டு, கையைத் தூக்கிக்கிட்டு மிதந்தாள். செவிலி அக்கா சொல்லிக் கொடுத்த அதே வரிசை. உதவிக்கு வந்தவர் "அம்மா, அந்தப் பாறை மேல ஏறி நில்லுங்க"ன்னு சத்தம் போட்டார். அவள் நிற்கலை. "அது உசிரு அண்ணா"ன்னு சொல்லிட்டு மிதந்தே இருந்தாள். நான் போய்ப் பிடிச்சுக்கிட்டேன்.

பக்கத்தில் ஒரு குடும்பமே அந்தப் பாறை மேல ஏறி நின்னு படம் எடுத்துக்கிட்டிருந்தது. அவங்க காலுக்குக் கீழே ஒரு கிளை மடக்குன்னு உடைஞ்சதை நான் தண்ணிக்குள்ளிருந்து பார்த்தேன். நம்ம சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அது வளர எத்தனை வருஷம் ஆச்சோ. கரைக்கு வந்து அவங்ககிட்ட மெதுவாச் சொன்னேன். அந்த வீட்டுப் பெரியம்மா மட்டும், "எங்களுக்கு யாரும் சொல்லலையே கண்ணு"ன்னாங்க. அதுதான் உண்மை. படகில் ஏற்றுறவங்க லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு அனுப்புறாங்க, காலை எங்கே வைக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லை.

வெளுத்த பவளமும் நிறையப் பார்த்தோம். எலும்பு வெள்ளை. தண்ணி சூடானால் பவளத்துக்குள்ள குடியிருந்து சோறு போடுற நுண்பாசி வெளியேறிருது, அதோட நிறமும் போயிருது. உடனே சாகாது, சூடு சீக்கிரம் தணிஞ்சால் பாசி திரும்பும்னு தம்பி சொன்னார். 2024-ல் உலகம் முழுக்கவே அப்படி வெளுத்துச்சாம்.

செவிலி_கோரிப்பாளையம் | பிப்ரவரி 23

கை தூக்கினாள்னு படிச்சதும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அவளை நான் கட்டிப்பிடிச்சதாச் சொல்லும்மா. நீ தள்ளிப் போனதுக்கு உன்னையே திட்டிக்காதே. ஆனா அடுத்த தடவை ஒரு கை எட்டுற தூரத்துக்கு மேல போகாதே.

மேலூரான் | பிப்ரவரி 23

அக்கா, சங்கு, செத்த பவளத் துண்டு எதுவும் எடுத்துட்டு வரலைல? இனிமேல் போறவங்களுக்காகக் கேட்கிறேன். கரையில் கிடக்கிறதைக்கூட எடுத்து வரக் கூடாது, விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறாங்க.

வைகைமகள் | பிப்ரவரி 24

ஒண்ணும் எடுக்கலை தம்பி. மணல்கூட உதறிட்டுத்தான் வந்தோம்.

பாம்பன் அண்ணே, உங்ககிட்ட ஒரு கேள்வி. அவள் திரும்பி வர்ற விமானத்துலயே கேட்க ஆரம்பிச்சுட்டாள், ராமேஸ்வரத்துக்கு எப்பன்னு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கின பிறகு ரெண்டு நாள் வரலாம்னு இருக்கோம். அப்ப கடல் எப்படி இருக்கும்? தண்ணியில இறங்க முடியுமா?

பாம்பன்_கடலோடி | பிப்ரவரி 24

வாங்க தங்கச்சி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், கடலில் சந்தடி குறைவு. சோழகக் காற்று (தென்காற்று) எழும்புறதுக்கு முன்னால வந்தால் தெற்குப் பக்கம் தெளிவா இருக்கும். காற்று எழும்பிட்டால் கலங்கல்தான், அப்ப வடக்குப் பக்கம் போகணும். எங்க ஊருக்கு அது ஒரு வசதி, ஒரு கடல் கோவிச்சால் இன்னொரு கடல் சாந்தமா இருக்கும்.

தீவுகளைச் சுற்றி நம்ம விருப்பத்துக்கு இறங்க முடியாது, தேசியப் பூங்கா. பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுறாங்க, அன்றைக்கு ஓடுதான்னு முதல் நாளே கேட்டுக்கணும். அந்தமான் மாதிரி கண்ணாடித் தண்ணியை எதிர்பார்க்காதீங்க. நம்ம கடலில் வண்டல் உண்டு, பார்க்கிறதுக்குக் கண் பழகணும்.

மதுரையிலிருந்து காலை ரயிலில் ஏறுங்க, பாம்பன் புதுப் பாலம் 2025-ல் திறந்தாச்சு. வடக்குப் பக்க ஜன்னல், தெற்குப் பக்க ஜன்னல்னு எதுவும் பார்க்க வேண்டாம், பாலத்துல ரெண்டு பக்கமும் கடல்தான். பாம்பனிலேயே இறங்கிருங்க. அம்மாவுக்கு இப்ப 68. பாசிக்குப் போறதை நிறுத்திட்டாங்க, ஆனா அந்தக் கண்ணாடியைப் பத்திரமா வச்சிருக்காங்க. உங்க தோழிகிட்ட அதைக் காட்டணும்னு சொன்னாங்க.

வைகைமகள் | பிப்ரவரி 24

வர்றோம் அண்ணே. அம்மாவுக்கு மதுரையிலிருந்து என்ன வாங்கிட்டு வரட்டும்?

பாம்பன்_கடலோடி | பிப்ரவரி 25

கேட்டேன். மல்லிகைப்பூ நாலு முழம், வாடாமல் கொண்டுவந்தால் போதுமாம்.